மீன் தொட்டியில் லைட் எரிந்தால் நல்ல பாக்டீரியா செத்துவிடுமா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: புது எல்இடி லைட் போட்டபின் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு தண்ணீரில் ஏறுகிறது, வெளிச்சம்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாக்களுக்குக் கடும் வெளிச்சம், குறிப்பாக நீலமும் புற ஊதாவும், ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சுக்குள்ளும் சரளைக்கல்லின் அடியிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கிடக்கின்றன. அந்த இருட்டுக்குள் உங்கள் லைட் எட்டவே எட்டாது. கிருமி கொல்லப் பொருத்தும் யூவி (புற ஊதா) விளக்குகூடத் தன் குழாய் வழியே ஓடும் தண்ணீரில் இருப்பதைத்தான் கொல்லும்.

நான் சந்தேகப்படுவது தண்ணீரை. மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணி ஆற்று நீரானாலும் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் கலந்துதான் வரும். ஸ்பாஞ்சை அந்தக் குழாயடியில் காட்டிக் கழுவினீர்களா? தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதில் அலசுங்கள். அடுத்தது கரண்ட் கட். அக்னி நட்சத்திர வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஃபில்டரும் மணிக்கணக்கில் நின்றால் பாக்டீரியா மூச்சுத் திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், தயவுசெய்து.

லைட்டை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், அது பாசி படராமல் இருக்க.