போருக்குப் பிறகு ‘நல்லிணக்கம்’ என்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?

ஒருவரையொருவர் அழிக்கத் துணிந்த தரப்பினர் மறுபடியும் ஒரே ஊரில், ஒரே சந்தையில் பயமில்லாமல் புழங்க வழி செய்வதுதான் நல்லிணக்கம்.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைப் பாருங்கள். 1994இல் சுமார் 100 நாட்களில் துட்சி என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த லட்சக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்நியப் படை என்றால் ஒருநாள் திரும்பிப் போய்விடும்; அண்டை வீட்டார் எங்கே போவார்கள்? அதன் பிறகு, குற்றம் சாட்டப்பட்டுச் சிறைகளில் 1,00,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். இருந்த நீதிமன்றங்களால் அத்தனை வழக்கையும் விசாரிக்க முடியவில்லை.

அதனால் 2002 முதல் 2012 வரை ‘கச்சாச்சா’ என்ற ஊர்மன்றங்கள் நடந்தன. சட்டம் படிக்காத, ஊரார் தேர்ந்தெடுத்த ஆட்களே நீதிபதிகள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடலை எங்கே போட்டோம் என்று சொன்னவர்களுக்குத் தண்டனை குறைந்தது. பல குடும்பங்களுக்கு எலும்புகளையாவது முறையாக அடக்கம் செய்ய முடிந்தது. எனக்கு இதுதான் மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் எல்லாவற்றையும் கிளற வேண்டும்? முள்ளை எடுக்காமல் மருந்து போட்டால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். உண்மை வெளிவராத ஊரும் அப்படித்தான்.

குறையும் இருந்தது. அன்று கிளர்ச்சிப் படையாக இருந்து பின்னர் ஆட்சிக்கு வந்த, இப்போதைய ஆளுங்கட்சியின் படையினர் செய்த கொலைகளை இந்த மன்றங்கள் விசாரிக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் காயம் அப்படியே நிற்கிறது.

அப்புறம், நல்லிணக்கம் என்றால் மன்னித்து மறந்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அங்கே ஒப்புக்கொண்டவர்களுக்கும் தண்டனை இருந்தது, மன்னிப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் சொந்த முடிவு.