தமிழ் சேனலுக்கும் டிவி லைசென்ஸா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரிட்டன் டிவி லைசென்ஸ் பற்றியவை, அதாவது டிவி நேரலை பார்க்க ஆண்டுதோறும் கட்டும், பிபிசிக்குப் போகும் கட்டணம். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதில்லை என்ற புகார்களை முழுதாகவே வெட்டிவிட்டேன்.

வீட்டில் பிபிசி யாரும் பார்ப்பதில்லை. ஆன்டெனா இல்லை, டிஷ் இல்லை. இரவில் அம்மா ஃபோனில் தமிழ் சேனல் சீரியல் பார்ப்பார், அவ்வளவுதான். லைசென்ஸ் எதற்கு? (ஹாரோ)

அம்மா எப்போது பார்க்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சேனலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆப்பிலோ யூடியூபிலோ நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். சேனல் லண்டனிலிருந்து வருகிறதா சென்னையிலிருந்து வருகிறதா, பார்ப்பது ஃபோனிலா டிவியிலா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. ஒளிபரப்பு முடிந்தபின் அதே எபிசோடை ஆப்பில் போட்டுப் பார்த்தால் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் பழைய பாட்டு, டிவிடி, இவற்றுக்கும் வேண்டாம்.

பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயர் மட்டும் தனி. அதில் நேரலையோ பழைய நிகழ்ச்சியோ, பிபிசியின் எதைப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பர் 1-க்கு முன்பு பழைய நிகழ்ச்சிகளை ஓசியில் பார்க்க முடிந்தது. அன்றோடு அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பிபிசி ரேடியோவுக்கு ஒன்றும் வேண்டாம்.

2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 169.50 பவுண்டிலிருந்து 174.50 ஆனது. சீரியலை ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்க அம்மா சம்மதித்தால், வேறு நேரலையும் ஐபிளேயரும் வீட்டில் இல்லையென்றால், கட்டணம் முழுவதும் மிச்சம். சம்மதிப்பாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

கிரிக்கெட் மேட்சை ஆப்பில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு பார்த்தால் அது நேரலை இல்லையே? (குரோய்டன்)

நேரலைதான். கட்டுங்கள்.

பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருக்கிறேன். அப்பா வீட்டில் லைசென்ஸ் உண்டு. என் லேப்டாப்புக்கு அது போதுமா? (லெஸ்டர்)

பேட்டரியில் ஓடும்வரை போதும், தம்பி. சார்ஜரைச் சுவரில் செருகிக்கொண்டு நேரலை பார்த்தால் போதாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான். தன் பேட்டரியில் மட்டும் ஓடும் கருவியை வெளியில் எங்கே பார்த்தாலும் வீட்டு லைசென்ஸ் காக்கும். பிளக்கைச் செருகினால் அந்த இடத்துக்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

விடுதி அறைக்கென்று வாங்கிவிட்டு, கோடையில் அறையைக் காலி செய்யும்போது முழு மாதம் ஒன்றாவது மீதமிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாக வராது.

“எல்லாத் தமிழ் சேனலும், ஆயுள் சந்தா” என்று ஒரு பெட்டியை 140 பவுண்டுக்கு வாங்கினேன். மூன்று மாதத்தில் படம் நின்றுவிட்டது. கடைக்காரர் ஃபோனை எடுப்பதில்லை. அந்தப் பெட்டிக்கும் லைசென்ஸ் கேட்பார்களா? (ஈஸ்ட் ஹாம்)

இந்தப் பெட்டியைப் பற்றி எழுத எத்தனையோ நாளாகக் காத்திருக்கிறேன். ஏனென்றால் நானும் வாங்கினேன். ஒரு மளிகைக் கடையில், முருங்கைக்காய்க்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அடுக்கி வைத்திருந்தார்கள். 120 பவுண்டு, ரொக்கம், ரசீது இல்லை. ஆயுள் சந்தா என்றார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான்காவது மாதம் பெட்டியின் ஆயுள் முடிந்தது. நான் இருக்கிறேன். பெட்டி இப்போது பூச்சட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எந்தச் சேனலும் தன்னை ஆயுளுக்கு விற்பதில்லை. ஒளிபரப்பு உரிமை வாங்கிய சேவைகள் மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோதான் கேட்கும். நூற்றுக்கணக்கான சேனல் ஒரே விலையில், அதுவும் வாழ்நாள் முழுக்க என்று யாராவது சொன்னால், யாரோ ஒருவர் எங்கிருந்தோ சமிக்ஞையைத் திருடி, வாடகை சர்வர் வழியாக உங்களுக்கு அனுப்புகிறார் என்று அர்த்தம். அந்த சர்வரை மூடிய நிமிடமே உங்கள் வீட்டில் கருப்புத் திரை. இதில் ஏமாந்தவர் போலீஸுக்குப் போகவும் கூசுகிறார், கடைக்காரருக்கு அது தெரியும். நம் ஆள், நம் பாஷை பேசுகிறார் என்ற நம்பிக்கையை விற்றே இந்த வியாபாரம் நடக்கிறது. என் கோபம் அதில்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், அதில் நேரலை பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். பெட்டி வாங்கியது லைசென்ஸ் வாங்கியதாகாது. பணத்தைப் பொறுத்தவரை, கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தால் கார்டு கம்பெனியிடம் நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75-ன் கீழ் கேட்டுப் பாருங்கள். இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னால் கடைகளின் முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். ரொக்கம் கொடுத்து ரசீதும் வாங்கவில்லையா? அப்படியானால் உங்களுக்கும் எனக்கும் ஒரே கதி.

மாதம் 14 பவுண்டு சொச்சம் என்றார்கள், 29 பவுண்டு எடுக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (மில்டன் கீன்ஸ்)

இல்லை. டைரக்ட் டெபிட் போடும்போது வந்த கடிதத்தை நீங்கள் படிக்கவில்லை. முதல் லைசென்ஸை ஆறு மாதத்தில் கட்டி முடிக்கவேண்டும், அடுத்த லைசென்ஸ்தான் பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரியும். எனக்கும் பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வீடு மாறினால் முகவரியை மாற்றினால் போதும், புதிது எடுக்காதீர்கள். ஒரு வருடம் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் சேர்த்துக் கட்டிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

என் அம்மாவுக்கு வயது 78. “உங்கள் டிவி லைசென்ஸ் பணம் தவறிவிட்டது” என்று மின்னஞ்சல். கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டார். மறுநாள் வங்கி என்று சொல்லி ஒருவர் ஃபோனில் பேசி, பணத்தைப் “பாதுகாப்பான கணக்குக்கு” மாற்றச் சொன்னார். 2,300 பவுண்டு போய்விட்டது. வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். (சட்டன்)

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். இதைச் செய்பவர்கள் தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். அம்மா முதல் தடவை சந்திக்கிறார்.

இன்றே 159-ஐ அழையுங்கள், அநேகமாக எல்லாப் பெரிய வங்கிகளுக்கும் அது நேராக இணைக்கும். 2024 அக்டோபர் 7 முதல், இப்படி நம்ப வைத்து வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு பிரிட்டன் கணக்குக்கு மாற்றவைத்த பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தரவேண்டும் என்பது விதி. “நீங்களேதானே அனுப்பினீர்கள்” என்று வங்கியில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், மறுத்தால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனிடம் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அந்த கார்டையும் உடனே ரத்து செய்யுங்கள்.

இன்னொன்று: 75 வயது நிரம்பி, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) வாங்குபவர்களுக்கு லைசென்ஸ் இலவசம். அம்மா அதற்குத் தகுதியானவரா என்று பாருங்கள்.

நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும்தான் பார்க்கிறோம். ஆனாலும் “அதிகாரி வருவார்” என்று மிரட்டும் கடிதங்கள் வருகின்றன. மனைவி கதவைத் திறக்கவே பயப்படுகிறார். (கார்டிஃப்)

பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். வருபவர் போலீஸ் இல்லை, நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு உரிமையும் இல்லை. மரியாதையாக மறுக்கலாம். “எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை” என்று டிவி லைசென்ஸிங் இணையதளத்தில் பதிவு செய்தால் சுமார் இரண்டு ஆண்டுக்குக் கடிதம் நிற்கும். உண்மையாக இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். குற்றம் நிரூபணமானால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

மூன்று மாதம் சென்னை போகிறேன். லைசென்ஸ் கட்டியிருக்கிறேனே, அங்கே ஐபிளேயர் பார்க்கலாமா? (ஸ்லவ்)

முடியாது. உங்கள் லைசென்ஸ் பிரிட்டனோடு சரி. கிளம்புமுன் ஆப்பில் டவுன்லோட் செய்துகொண்டால் காலாவதியாகும்வரை அங்கேயும் பார்க்கலாம். இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் பற்றிக் கேட்டு இரண்டாவது கடிதம் போடாதீர்கள், அது ஐபிளேயர் விதிகளுக்கு எதிரானது.

எங்களிடம் டிவியே இல்லை. மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்கிறார்கள். (டார்ட்முண்ட்)

ஜெர்மனியில் கேள்வியே வேறு. 2013 முதல் அங்கே அது வீட்டுக்கு ஒரு கட்டணம், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே ஃபிளாட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அரசின் வாழ்வாதார உதவி பெறுபவர்கள் விண்ணப்பித்தால் விலக்கு கிடைக்கும், மூன்று ஆண்டு வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

கோயில் தேர்த் திருவிழாவைக் கோயிலே தன் யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறது. அதற்குமா? (ஈலிங்)

அதற்கு வேண்டாம், கோயில் டிவி சேனல் இல்லை. அதே தேரை ஒரு டிவி சேனலின் நேரலையில் பார்த்தால் வேண்டும்.