மூக்கை நம்பாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்: மழைக்காலத்துக்கு முன் சில கேள்விகள், பதில்கள்

28 ஆண்டுகள் கல்லூரியில் உணவு நுண்ணுயிரியல் கற்பித்தவள் நான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இரவு மீந்த சோற்றைக் காலையில் நன்றாகச் சூடேற்றி எலுமிச்சைச் சாதம் கிளறிவிடுகிறேன். சூட்டில் கிருமி செத்துவிடும்தானே, அம்மா?

கிருமி செத்துவிடும். அது கக்கி வைத்த நஞ்சு சாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது கடின உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள், வயல் மண்ணிலிருந்தே அரிசியோடு வருகின்றன. உலை கொதிப்பதை அவை தாங்கிக்கொள்ளும். வடித்த சோறு வெதுவெதுப்பாக அடுப்படியில் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அப்போது சோற்றில் சேரும் வாந்தி நஞ்சை எவ்வளவு சூடேற்றினாலும் அழிக்க முடியாது. அந்தச் சோறு ஊசிப்போன வாடை அடிக்க வேண்டும் என்பதில்லை, நூல் விட வேண்டும் என்பதுமில்லை.

உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றில், மதியம் மீந்த சாதம் மூடிய அண்டாவில் இரவு வரை அப்படியே இருந்தது. அண்டாவைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டச் சொன்னேன். "நல்ல சோறு, வாடையே இல்லையே" என்றார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரவு அதைச் சாப்பிட்ட நான்கு பேரும் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள், அதில் இருவர் குழந்தைகள். அன்று நான் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வையுங்கள், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர வையுங்கள். இரண்டுக்கும் நடுவே சமைத்த உணவு கிடக்கக்கூடியது இரண்டு மணி நேரம்தான். நம் ஊர் மே மாத வெயிலில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பழைய சோறு?

அது வேறு கதை. நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடம் குறைகிறது. ஆனால் சோறு ஆறியவுடன், சுத்தமான பாத்திரத்தில், நல்ல குடிநீர் ஊற்ற வேண்டும். மாலை வரை கிடந்த சோற்றுக்குப் படுக்கப்போகும்போது நீரூற்றினால் அது பாதுகாப்பாகிவிடாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் புதிதாக வடித்த சோறே நல்லது.

சூடான சாம்பாரை வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும். அதற்காக இரவு முழுவதும் வெளியே வைத்துவிடாதீர்கள். பெரிய குண்டானில் இருக்கும் சாம்பாரின் மேற்பரப்பில் ஆடை படிந்து ஆறிவிட்டதுபோல் தெரியும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினால் ஆவி எழும். அந்த நடுப்பகுதிதான் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்து கிருமி வளர்க்கும் இடம். அகலமான இரண்டு பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்து அவ்வப்போது கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம்.

கோழிக்கறியைக் குழாயடியில் கழுவலாமா?

வேண்டாம். தெறிக்கும் நீர்த்துளிகள் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி வரை கிருமியைக் கொண்டுபோகும். கழுவாமல் மனம் கேட்காது என்றால் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவுங்கள். கிருமியைக் கொல்வது மஞ்சள் தூளல்ல, அடுப்பின் சூடு.

ஏழு மாதக் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாமா?

ஒரு வயது முடியும் வரை ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் சிசுவின் குடலில் முளைத்தால் தசைகள் செயலிழக்கும்.

காசிக்கு ரயிலில் போகிறோம். இரண்டு நாளுக்கும் புளியோதரை கட்டிக்கொள்ளலாமா?

முதல் நாளுக்குக் கட்டுங்கள். பழைய சோற்றைப் போல இதிலும் புளிப்பு கிருமிகளை அடக்குவதால், முன்பு சொன்ன இரண்டு மணி நேரக் கணக்குக்கு இது விலக்கு. புளிக்காய்ச்சல் தாராளமாக இருக்கட்டும், சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகு கிளறுங்கள். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லியும் முதல் நாளுக்குத் தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாளுக்கு முறுக்கு, தட்டை, உரித்துச் சாப்பிடும் பழங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பிரிட்ஜில் இருந்தவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தோம்.

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு பால், இறைச்சி, மீன், சமைத்த குழம்பு, உரித்த தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊறுகாய், வெண்ணெய், முழுக் காய்கள் தாங்கும்.

வெள்ளநீர் பட்ட அரிசி மூட்டையைக் காயவைத்துப் பயன்படுத்த மனம் வரும், எனக்கும் தெரியும். அந்த நீரில் சாக்கடை கலந்திருக்கிறது. கொட்டத்தான் வேண்டும். உப்பாத, கசியாத, துருப்பிடிக்காத தகர டின்களை மட்டும் லேபிளைக் கிழித்து, சோப்பால் தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் முக்கியெடுத்துத் திறக்கலாம்.

குடிநீரைத் துணியில் வடிகட்டி, குமிழியிட்டுத் தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் விடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ கலந்த நீருக்கு இது உதவாது. அதே டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வெளியே போக வழியில்லை. என்ன கொடுப்பது?

மழைக்கு முன்பே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வாங்கி வையுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாதீர்கள், உப்பு மிஞ்சினால் ஆபத்து. ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குழிந்த கண்கள், மணிக்கணக்கில் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் சோர்ந்து தூங்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள், வெள்ளத்தில் படகு வர வேண்டியிருந்தாலும் சரி. கலக்கிய நீர் 24 மணி நேரத்துக்கு மேல் மீந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.