சிரித்தால் சரிகிற மகனுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் வகுப்பிலேயே தூங்கிவிடுகிறான். நண்பர்களோடு வாய்விட்டுச் சிரித்தால் தாடை தொங்கி, முழங்கால் மடங்கிச் சரிகிறான். நினைவு மட்டும் தப்புவதில்லை. நரம்பியல் மருத்துவர் பரிசோதனைகளுக்குப் பிறகு நார்கோலெப்சி (அடக்க முடியாத பகல் தூக்க நோய்), கேட்டப்லெக்ஸி (சிரிப்பு போன்ற உணர்ச்சியால் தசைகள் திடீரெனத் தளர்வது) என்று சொல்லி, வெண்லாஃபாக்சின் எழுதித் தந்திருக்கிறார். அது மனச்சோர்வு மாத்திரை என்கிறார் மருந்துக்கடைக்காரர். மனநோய் இல்லாதவனுக்கு அதைக் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் எழுதியபடி கொடுங்கள், உங்கள் மகனுக்கு மனநோய் என்று கருதி அவர் இதை எழுதவில்லை. கனவு காணும் உறக்கத்தில் கை கால் தசைகள் செயலற்றுத் தளர்ந்து கிடப்பது எல்லோருக்கும் இயல்பு. மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் ஹைப்போகிரெட்டின் என்ற, விழிப்பைக் காக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் பெருமளவு அழிந்துபோனவர்களுக்கு, விழித்திருக்கும்போதே அந்தத் தளர்ச்சி வந்துவிடுகிறது. பெரும்பாலும் சிரிப்புதான் அதைத் தூண்டுகிறது. ஹைப்போகிரெட்டின் என்ற பொருளே 1998-இல்தான் கண்டறியப்பட்டது. ஆனால் இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இந்தச் சரிவைத் தடுப்பதை மருத்துவர்கள் 1960-களிலேயே கவனித்துவிட்டார்கள்.

வெண்லாஃபாக்சின் நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய மூளை வேதிப்பொருட்களின் செயலைக் கூட்டிக் கனவுறக்கத்தையும் அதனோடு வரும் தளர்ச்சியையும் அடக்குகிறது. மனச்சோர்வுக்குப் பலன் தெரியச் சில வாரங்களாகும் இம்மருந்து, கேட்டப்லெக்ஸிக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே பலன் தருகிறது. பழைய மருந்தான குளோமிப்ரமினும் நன்றாகவே வேலை செய்யும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும்தான் அதன் தொல்லை. பெரிய ஆய்வுகளின் ஆதாரம் என்று பார்த்தால், சோடியம் ஆக்சிபேட், பிட்டோலிசன்ட் ஆகிய வேறு இரு மருந்துகளுக்கே அது வலுவாக உண்டு. மனச்சோர்வு மருந்துகள் நீண்ட கால மருத்துவ அனுபவத்தின் பலத்தில் நிற்பவை.

பகல் தூக்கத்தை இம்மாத்திரை தீர்க்காது. அதற்கு மொடஃபினில் போன்ற வேறு மருந்து வேண்டியிருக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நன்றாகிவிட்டது என்று நினைத்தோ, ஊருக்குப் போகையில் மாத்திரை அட்டையை மறந்துவிட்டோ மருந்தைத் திடீரென நிறுத்தினால், கேட்டப்லெக்ஸி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். சிலருக்கு அடுத்தடுத்து வந்து மணிக்கணக்கில் எழவிடாமல் செய்துவிடும். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பாருங்கள். வெண்லாஃபாக்சின் அதைச் சற்று உயர்த்தக்கூடும். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களிடம், முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணமோ வழக்கமில்லாத பதற்றமோ தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கவனிப்பது அவசியம். அப்படித் தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். தூக்கமும் சரிவும் கட்டுக்குள் வந்துவிட்டதாக மருத்துவர் சொல்லும்வரை, வண்டி ஓட்டுவதும் தனியே நீந்துவதும் வேண்டாம்.