வால்வு ஆம்ப்ளிஃபையருக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தேவகோட்டையில் பூர்விக வீட்டில் இருக்கிறோம். பாட்டு கேட்கும் என் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் (கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்குவது) ஒரு பக்கம் கும்மென்று இரைகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளில் ஒன்றின் உள்தகடு செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. ஓராண்டில் இரண்டு முறை வால்வுகளை மாற்றி, 16,000 ரூபாய் போய்விட்டது. முழுதாகச் சீரமைக்க 30,000 கேட்கிறார்கள். ஜப்பானிலிருந்து பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் தருவித்துத் தர 1,40,000. வட்டியில்லாத் தவணையில் வாங்கலாம் என்கிறான் மகன். 2,00,000 ரூபாய் டெபாசிட்டை உடைக்கட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. 7 சதவீத வட்டி என்றால் 1,40,000 ரூபாய் உங்களுக்கு ஆண்டுக்கு 9,800 ரூபாய் ஈட்டித் தருகிறது. முதிர்வுக்கு முன் எடுத்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டியிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மகன் சொல்லும் தவணையும் இலவசமல்ல. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். செயலாக்கக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் அட்டைக் கணக்கில் வந்து நிற்கும்.

செலவழித்த 16,000 பற்றி ஒரு வார்த்தை. தகடு சிவந்தது வால்வின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆம்ப்ளிஃபையரின் முந்தைய கட்டத்திலிருந்து ஒலி சிக்னலை மட்டும் விட்டு, ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய கப்பாசிட்டர் என்ற உதிரிப்பாகம் வயதாகிக் கசிந்தால், வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டில் இருக்கக் கூடாத பாசிட்டிவ் மின்னழுத்தம் ஏறும். வால்வு கட்டுக்கடங்காமல் மின்சாரத்தை இழுத்துச் சிவக்கும். அதைச் சரிசெய்யாமல் புது வால்வு போட்டால் அதுவும் அடுப்பில் வைத்த அப்பளம்தான். கிரிட் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நீங்களே திறக்காதீர்கள், உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும்.

மாற்று எது? ஜப்பானியச் சரக்கை நான் தொடமாட்டேன். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சுங்க வரி அந்த விலையில் அடங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. உத்தரவாதம் கிடையாது. அதன் கப்பாசிட்டர்களுக்கும் உங்களுடையதன் வயதே ஆகியிருக்கும்.

தினமும் கேட்பதற்குப் புதிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்குங்கள். யமஹா, டெனான் போன்றவற்றின் தொடக்க மாடல்கள் 50,000 ரூபாய்க்குள் வரும். பவர் வால்வுகளின் ஆயுள் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 மணி நேரம். நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு ஆண்டுக்குள் புது செட். உங்கள் கணக்கிலேயே 8,000 ரூபாய். டிரான்சிஸ்டரில் அந்தச் செலவே இல்லை. ஒரே ஒரு மெக்கானிக்கை நம்பி அன்றாடப் பொருளை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மதுரையிலோ திருச்சியிலோ சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டபின் மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் அல்லது 16 ஓம் என்று இருந்தால் கவலையில்லை. 4 என்றால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் பாட்டு எதிரொலித்தால் அதற்கு ஒரு ஜமுக்காளம் போதும், ஒரு லட்சம் வேண்டாம்.

பணத்துக்கு: சீரமைக்கக் கேட்ட 30,000 உங்கள் கையில் இருந்தால், அதோடு ஓய்வூதியத்தில் மாதம் 5,000 ஒதுக்கினால் நான்கு மாதத்தில் 50,000. டெபாசிட் கிடந்தபடி கிடக்கட்டும்.

பழையதை எறிந்துவிடாதீர்கள். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் அது சீரமைக்கத் தக்க பொருள். கையில் உபரி வரும்போது பார்க்கலாம். அவை கருகியிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், ஒன்றுக்கு நான்கு கடையில் விலை கேட்டுக் கொடுங்கள்.

புதியது வாங்கும்போது பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழாமல் படியிறங்காதீர்கள்.