டோக்கியோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு குடியேற எந்த ஏரியா நல்லது?

"கணவருக்கு டோக்கியோவில் 3 வருஷ ஒப்பந்தம், அலுவலகம் ஒதேமாச்சியில். மகள் 4ஆம் வகுப்பு, மகன் வருகிற ஏப்ரலில் 1ஆம் வகுப்பு. எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடோகாவா வார்டில் நிஷி கசாய் பாருங்கள். அதிலும் முடிந்தால் ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கும் செய்ஷின்சோ. அங்கே அமையாவிட்டால் பக்கத்து கோதோ வார்டில் ஓஜிமா. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் நாங்கள் முதல் வருஷம் வீட்டைத் தப்பாகப் பிடித்தோம், அந்தக் கஷ்டத்தை எங்களைவிட மகள்தான் அதிகம் பட்டாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2017 ஏப்ரலில் வந்தோம். மகளுக்கு 7 வயசு, மகனுக்கு 2. என் கணவருக்கு ஆபீஸ் ஷின்ஜுகுவில். மகளுக்கு எடோகாவா வார்டில் ஓர் இந்தியப் பள்ளியில் இடம் கிடைத்தது. வீடு நகானோவில் எடுத்தோம். அவருக்கு ஷின்ஜுகு 5 நிமிஷம். மகளுக்கோ, நகானோ டோசாய் என்ற மெட்ரோ ரயில் லைனின் ஒரு முனை, நிஷி கசாய் அதே லைனில் மறுபக்கம். வண்டி மாறவே வேண்டாம், 40 நிமிஷத்துக்குள் போய்விடலாம். வரைபடத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நன்றாக யோசித்துவிட்டோம் என்று இருவருமே நினைத்தோம்.

ஒரு நாளைக்கு எனக்கு நாலு நடை. காலையில் அவளோடு போய், திரும்பி வந்து, மத்தியானம் மறுபடி போய், அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சின்னவன் எந்நேரமும் தள்ளுவண்டியில். ஜூன் மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் வண்டி, அவள் என் பைவாரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். உடம்பு அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் ஒரு நாள் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "அம்மா, ஸ்கூல் முடிஞ்சதும் எல்லாரும் பார்க்ல இருப்பாங்க. நான் மட்டும் ட்ரெயின்ல இருப்பேன்." அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன். மறுநாளே நிஷி கசாய் பக்கம் வேறு வீடு தேட ஆரம்பித்தோம்.

வீடு தேடும்போது எல்லோரும் சம்பாதிக்கிறவரின் ஆபீஸை மையமாக வைத்து வட்டம் போடுகிறார்கள். பிள்ளையின் பள்ளியை மையமாக வையுங்கள், பிள்ளை நடக்கும் தூரத்தை வைத்து வட்டம் போடுங்கள். பெரியவர் ரயிலில் நெரிபட்டுப் போய் வரலாம். பிள்ளைக்கு மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை இருக்கும் அந்த நேரத்தில்தான் சிநேகிதம், பாஷை, ஊர் எல்லாம் பிடிபடுகிறது. எங்கள் வார்டில் சாயங்காலம் தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும், பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் என்று அர்த்தம். அந்த மெட்டைக் கேட்டு, பார்க்கிலிருந்து வியர்வையோடு அவள் ஓடி வந்த முதல் நாளை நான் மறக்கவே மாட்டேன்.

வாடகை விளம்பரங்களில் "ஸ்டேஷனிலிருந்து நடை 9 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். 80 மீட்டருக்கு 1 நிமிஷம் என்பது கணக்கு. சிக்னலில் நிற்கும் நேரம் அதில் சேராது. ஆறு வயசுக் குழந்தைக்கு அந்த 9 நிமிஷம் 15 ஆகும். வீடு பார்க்கப் போகும்போது பள்ளிக்கூடம் வரை மகனை நடக்கவிட்டு, நீங்கள் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

இனி நிஷி கசாய் ஏன் என்று சொல்கிறேன். 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய 1990களின் கடைசியில் நம் ஊர் இன்ஜினியர்கள் கூட்டமாக இங்கே வந்தார்கள். ஒதேமாச்சி, நிஹோம்பாஷி, கயாபாசோ பக்கமிருந்த வங்கி, பங்குச்சந்தை அலுவலகங்களுக்கு டோசாய் லைனில் நேராகப் போக முடிந்தது. ஏற்கெனவே இங்கே குடியிருந்த ஜக்மோகன் சந்திரானி என்ற தேயிலை வணிகர் அவர்களுக்கு வீடு கிடைக்கவும் வீட்டுச் சாப்பாடு கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். பிறகு குடும்பங்கள் வந்தன, குடும்பங்களைப் பார்த்துப் பள்ளிகள் வந்தன. கோதோ வார்டில் 2004இல் இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல், 2006இல் எடோகாவாவில் குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூல். சிபிஎஸ்இ பாடத்திட்டம் இருப்பதால் 3 வருஷத்தில் ஊர் திரும்பினாலும் மகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டு விஷயத்தில் யூஆர் குடியிருப்புகளைத்தான் முதலில் பாருங்கள். அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகை அடுக்குமாடிகள் இவை. நகானோவில் தேடியபோது தரகர் எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். வெளிநாட்டுக் குடும்பம் என்றதும் நாலு பேர் மறுத்தார்கள். கடைசியில் கிடைத்த வீட்டுக்கு ரெய்கின் என்று திரும்பி வராத ஒரு மாத வாடகை, தரகுக்கூலி, ஜாமீன் கம்பெனிக் கட்டணம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. யூஆரில் ரெய்கின் கிடையாது, தரகு கிடையாது, ஜாமீன்தாரர் வேண்டாம், புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. முன்பணம் 2 மாத வாடகை. வாடகை 82,500 யெனிலிருந்து 2 லட்சத்துக்குள் என்றால், குடும்பத்தோடு வருகிறவருக்கு மாத வருமானம் 3,30,000 யென் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போனதும் திகைக்காதீர்கள்: பல வீடுகளில் ஏசி, விளக்கு, அடுப்பு எதுவும் இருக்காது. முதல் ராத்திரியை நாங்கள் குளியலறை வெளிச்சத்தில்தான் ஓட்டினோம்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எடோகாவா வார்டின் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தரை. ஒரு பக்கம் அராகாவா ஆறு, மறு பக்கம் எடோகாவா ஆறு, கீழே கடல். 2019இல் வார்டே வீடுவீடாகக் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையில், பெருவெள்ளம் வந்தால் "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தது. அதே வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி ஹகிபிஸ் புயல். மதியத்திலிருந்து செல்போன்கள் அலறிக்கொண்டே இருந்தன. எங்களுக்கு ஏழாவது மாடி. கீழ்த்தளத்திலிருந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன, ஒன்பது பிள்ளைகளை ஒரே அறையில் படுக்க வைத்தோம். ஆற்று மட்டத்தைச் செல்போனில் பார்க்கப் பார்க்க வயிற்றில் புளியைக் கரைத்தது. அராகாவா கரை மீறவில்லை. அதற்காக மறந்துவிட முடியாது. அதனால்தான் செய்ஷின்சோ என்றேன். கடலைத் தூர்த்து எழுப்பிய பகுதி, வார்டுக்குள் தண்ணீர் ஏறாது என்று அந்த வரைபடம் காட்டும் சில இடங்களில் அதன் ஒரு பகுதியும் இருக்கிறது. கட்டடங்களுக்கு நடுவே கார் வராத மரநிழல் பாதை. ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷ நடை என்பது மட்டும்தான் குறை. எங்கே எடுத்தாலும் மூன்றாவது மாடிக்கு மேல் எடுங்கள்.

ரயில் நெரிசலும் உண்மைதான். கொரோனாவுக்கு முன்பு டோசாய் லைனில் கிபாவிலிருந்து மொன்சென் நகாசோ வரை காலை நெரிசல் கொள்ளளவில் 199 சதவீதம், டோக்கியோவிலேயே மிக மோசமான வரிசையில் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. ஒதேமாச்சிக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான், உங்கள் கணவர் தாங்கிக்கொள்வார்.

பள்ளியைப் பொறுத்தவரை உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பதில் இல்லை. ஜப்பானியப் பள்ளியில் பிள்ளையை வயசைப் பார்த்துத்தான் வகுப்பில் சேர்ப்பார்கள். முதல் மூன்று வகுப்பில் சீன வழி வந்த கான்ஜி எழுத்துகள் 440 சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 4ஆம் வகுப்பில் நுழையும் உங்கள் மகள், கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த அத்தனையும் தெரியாமல் போய் உட்காருவாள். மூன்று வருஷம்தான் என்றால் அவளை இந்தியப் பள்ளியிலேயே சேருங்கள். மகன் கதை வேறு. 1ஆம் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எங்கள் மகனை 2021இல் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை, நாமாக வார்டு ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக முகவரியை வைத்துத்தான் பள்ளி அமையும், ஆகவே வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுங்கள். படிப்பும் புத்தகமும் இலவசம், மதிய உணவுக்கும் இப்போது காசு வாங்குவதில்லை. வகுப்பு முடிந்ததும் அதே பள்ளி வளாகத்தில் சுகுசுகு ஸ்கூல் என்று வார்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. சைவம் என்றால் டப்பா கட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும், சூப்பில்கூட மீன் சாறு சேர்ப்பார்கள். இதை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. மூன்று வருஷம் பகல் முழுக்க அந்த ஏரியாவில் இருக்கப் போவது நீங்கள். நகானோவில் எனக்குக் கடைக்காரர் முகம்கூடப் பழகவில்லை. இங்கே வந்த இரண்டாம் வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். கையைப் பிசைந்துகொண்டு லிஃப்ட் முன்னால் நின்றபோது, நாலாவது மாடி மதுரைக்கார அக்கா கேட்டார்: "தம்பிக்குக் காய்ச்சலாம்மா? இன்சூரன்ஸ் அட்டையோட வார்டுல குடுத்த குழந்தை அட்டையையும் எடுத்துக்க, காசே கேக்க மாட்டாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக் வரை அவரே கூட வந்தார். பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் நடந்துபோய் வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம்தான். நம்மவர்களோடு மட்டும் இருந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்கிறேன். மகன் பள்ளித் தோழர்களின் அம்மாக்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த ஜப்பானிய மொழி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

கம்பெனியே பள்ளிக் கட்டணம் கட்டுகிறது என்றால் ஹிரோ, அசாபு பக்கமோ செத்தகாயா பக்கமோ பார்க்கலாம், மேல்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கேதான் அதிகம். சொந்தக் காசில் அந்தப் பக்கம் வேண்டாம், கட்டணம் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20 லட்சம் யென்னைத் தாண்டும்.

ஒரே ஒரு அவசரம். மார்ச் மாதம் ஜப்பான் முழுக்க வீடு மாறும். யூஆரில் காலியாகிற வீடு முதலில் வருகிறவருக்கே, காலையில் இணையத்தில் பார்த்தது சாயங்காலம் இருக்காது. பிப்ரவரிக்குள் உங்கள் கணவர் முன்னால் வந்து வீட்டை முடித்துவிட்டால், ஏப்ரலில் இரண்டு பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே முதல் நாள் போகலாம்.