கம்பம் சாய்ந்த நாட்களில்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால், புயலுக்குப் பின் வரும் நீண்ட மின்தடை குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில் எழுதுகிறேன். மின்வாரியத்தில் கம்பி இழுக்கும் பணியில் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கண்டதையும் கற்றதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

2018 கஜா புயலுக்குப் பின் எங்கள் ஊருக்கு மின்சாரம் வர மூன்று வாரங்கள் ஆயின. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் ஆறாம் நாளே விளக்கு எரிந்தது. இது பாரபட்சம் இல்லையா? – பேராவூரணி வாசகி

உங்கள் மனக்குறை நியாயமானது. அந்த நாட்களில் எங்களை வழிமறித்து இதே கேள்வியைக் கேட்காத ஊர் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அவற்றை எந்த இடத்திலிருந்தும் தொடங்கி நட்டுவிட முடியாது. முதலில் உயரழுத்தக் கோபுரங்களும் துணைமின் நிலையங்களும் சீராக வேண்டும். அதன்பின் அங்கிருந்து புறப்பட்டு ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11,000 வோல்ட் கம்பிப்பாதைகளான ஃபீடர்கள், அதன்பின் ஒவ்வோர் ஊரின் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியாகவே தெருக்கம்பங்கள். மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் செல்லும் ஃபீடர்களை முதலில் எடுப்பார்கள். உங்கள் பக்கத்து ஊர் வேறொரு ஃபீடரில் இருந்திருக்கலாம். அல்லது அதே ஃபீடரில் துணைமின் நிலையத்துக்கு அருகிலும், உங்கள் ஊர் அதன் வால் முனையிலும் இருந்திருக்கலாம். நடுவில் வயல்வெளியில் நாற்பது கம்பங்கள் படுத்துக் கிடந்தால், அத்தனையும் எழுந்து நின்ற பிறகுதான் வால் முனைக்கு மின்சாரம் போய்ச் சேரும்.

அந்த நாற்பது கம்பங்களை நிறுத்துவது எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்ல வேண்டும். அது சம்பாப் பயிர் நின்ற மாதம். வயலில் முழங்கால் அளவுக்குச் சேறு. லாரியும் கிரேனும் வரப்போடு நின்றுவிடும். சிமெண்ட் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, மூங்கில் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு பேர் தோள்போட்டுத்தான் உள்ளே கொண்டுபோனோம். ஐந்தடிக் குழி தோண்டினால் மூன்றடியிலேயே நீர் ஊறிவிடும். ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் கம்பத்தை இறக்கிக் கருங்கல்லைப் போட்டு இடிக்க வேண்டும். காலையில் நேராக நிறுத்திய கம்பம் மாலையில் சாய்ந்திருப்பதும் உண்டு. பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படுத்து எழுந்து இந்த வேலையைச் செய்தார்கள். தென்னையை இழந்து, கூரையை இழந்து நின்ற மக்களே டிராக்டரைக் கொண்டுவந்து கம்பம் இழுத்துக் கொடுத்தார்கள். தங்களுக்குப் பொங்கிய சோற்றில் எங்களுக்கும் பங்கு வைத்தார்கள். அதை நான் என்றும் மறக்க மாட்டேன்.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகினால் எல்லா அறைகளுக்கும் மின்சாரம் வருகிறது. மெயினை அணைத்துவிட்டால் இது போதுமானதுதானே? – பட்டுக்கோட்டை வாசகர்

தயவுசெய்து அந்த ஒயரை இன்றைக்கே வெட்டி எறிந்துவிடுங்கள். பத்து நாள் இருளில் யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, மெயினை அணைக்க மறப்பார். அந்த நொடியில் உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் ஒருவழிப் பாதை அன்று; 11,000 வோல்ட்டைக் குறைத்து உங்களுக்குத் தரும் அதே கருவி, பின்பக்கமாக 230 வோல்ட் வந்தால் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தி மேல்கம்பிக்கு அனுப்பும். எங்கோ கம்பம் மேல் ஏறி, லைன் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கம்பியைப் பிடிக்கும் ஊழியரின் கையில் அது முடியும். கம்பிகள் பல இடங்களில் அறுந்து கிடக்கும்போது, அதற்குச் சிறிய ஜெனரேட்டரே போதும்.

அப்படி ஒரு மாலையை நான் பார்த்திருக்கிறேன். துணைமின் நிலையத்தில் லைன் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, வழக்கப்படி கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டியபோது கம்பியில் நீல நிறத்தில் பொறி பறந்தது. ராடை மாட்டிய இளைஞருக்கு அப்போதுதான் திருமணமாகியிருந்தது. கம்பத்தைவிட்டு இறங்கியவர் நெடுநேரம் பேசவே இல்லை. எர்த் ராடு மாட்டும் வழக்கத்தை அவர் ஒருநாள் சோம்பலில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே மனம் வரவில்லை. தேடிப்போய்ப் பார்த்தால், ஓரத்தெரு வீடொன்றில் குழந்தைகள் பயப்படக் கூடாது என்பதற்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ‘சேஞ்ச் ஓவர் சுவிட்ச்’ பொருத்திக்கொள்ளுங்கள். மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி அது பார்த்துக்கொள்ளும். அது வரும்வரை, மின்விசிறியையும் விளக்கையும் ஜெனரேட்டரிலேயே நேரடியாகச் செருகிப் பயன்படுத்துங்கள். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைக்காமல், சன்னல்களிலிருந்து இருபதடியாவது தள்ளித் திறந்தவெளியில் வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. உறங்குபவர்கள் உறக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு நாள்தோறும் இன்சுலின் போடுகிறோம். ஃபிரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? – வேதாரண்யம் வாசகி

நான் மருத்துவன் அல்லன் என்பதால், எங்கள் வீட்டுக்கு மருத்துவர் சொன்னதை அப்படியே தருகிறேன். பயன்பாட்டில் உள்ள இன்சுலின், 30 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறாமல் இருந்தால் பொதுவாக நான்கு வாரங்கள் கெடாது. எனினும் உங்கள் மருந்தின் அட்டையில் போட்டிருக்கும் கால அளவே இறுதியானது. பிரிக்காத குப்பிகளுக்குத்தான் 2 முதல் 8 பாகைக் குளிர்ச்சி தேவை. மண்பானையில் பாதியளவு மணல் போட்டு நீர் தெளித்து, மருந்தை நீர் புகாத டப்பாவில் மூடி அதில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டுக் காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். கடையில் ஐஸ் கட்டி கிடைத்தால் அதன்மேல் மருந்தை நேராக வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை, கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். எனவே முதல் நாளிலேயே மருந்தைப் பானைக்கு மாற்றிவிடுவதும், புயல் எச்சரிக்கை வந்தவுடனே ஒரு மாதத்துக்கான மருந்தை வாங்கி வைப்பதும் நல்லது.

மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறாததுதான் எங்களுக்குப் பெரிய துன்பமாக இருந்தது. – கறம்பக்குடி வாசகர்

மின்சாரம் இல்லாத வீட்டில் இருந்துவிடலாம். நீர் இல்லாத வீட்டில் இரண்டாம் நாளே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் தேடுவதைவிட, தெருவே பணம் போட்டு ஒரு பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, ஊராட்சி மோட்டாரை நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்வதே சிறந்த வழி என்பது என் அனுபவம். கஜாவுக்குப் பின் பல ஊர்கள் இப்படித்தான் சமாளித்தன. ஊராட்சிக்கு முன்கூட்டியே தெரிவித்து, மோட்டார் இணைப்பை மின்பணியாளரிடமே விடுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரில், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்கு, தளதளவென்று கொதித்து ஆறிய நீரே நல்லது. ஊரில் பழைய அடிபம்பு கிடந்தால், மழைக்கு முன்பே வாஷர் மாற்றி வையுங்கள்.

மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். ஆனாலும் மின்தடையின்போது வீடு இருண்டே கிடக்கிறதே? – நாகப்பட்டினம் வாசகர்

உங்களுடையது மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பாக இருக்கும். லைனில் மின்சாரம் நின்றதும் அது தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன இளைஞரைப் போன்றவர்களைக் காப்பதற்காகத்தான். பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் விசிறியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து நடைமுறையில் சுமார் 1,200 வாட்-மணி கிடைக்கும் என்று வைத்தால், 75 வாட் விசிறி ஒன்றே பதினாறு மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். இரவில் நான்கு மணி நேரம் 9 வாட் விளக்கு இரண்டும், கைபேசிக்குக் கொஞ்சமும் என்று வைத்து, மற்ற நேரத்தில் இன்வெர்ட்டரையே அணைத்து வைத்தால் பல நாட்கள் ஓட்டலாம்.

மின்சாரம் திரும்ப வந்த அன்று எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் டிவி எரிந்துபோனது. எதனால்? – திருத்துறைப்பூண்டி வாசகி

பெரும்பாலும், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கும். அப்படி நேரும்போது சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரைகூட ஏறிவிடும். சில வீடுகளில் விளக்கு மங்கும். எனவே மின்தடை நீடிக்கும்போது மெயினை இறக்கிவிட்டு, எல்லா பிளக்குகளையும் கழற்றி வையுங்கள். மின்சாரம் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஃபிரிட்ஜைப் போடாதீர்கள். பழைய குண்டு பல்பு ஒன்றை இதற்காகவே எடுத்து வைத்திருங்கள்; எல்.இ.டி. விளக்கு வோல்ட்டேஜ் வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டாது. அந்த ஒரு பல்பை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலோ, ஏறி இறங்கி மின்னினாலோ உடனே மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். தோட்டத்திலோ கொல்லையிலோ கம்பி அறுந்து கிடந்தால், எத்தனை நாளாக அப்படிக் கிடந்தாலும், அதைத் தென்னை மட்டையால்கூடத் தள்ளிப் பார்க்காதீர்கள். அருகில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு அதே எண்ணுக்குத் தெரிவியுங்கள். அன்று மாலைதான் அந்தக் கம்பிக்கு உயிர் வந்திருக்கும்.